முள் சைபரில் நின்றால்...

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர்: மின்னணுக் கருவியியல் துறை, 2010ஆம் ஆண்டு அணி)



போன மாதம் செயலாளர் போன் செய்து, "இந்தத் தடவை நீ கொஞ்ச நேரம் பேசணும்ப்பா" என்றார். "எதைப் பற்றி சார்?" என்று கேட்டேன். "உன் வேலையைப் பத்திப் பேசு, இல்லேன்னா உன் அனுபவம் ஏதாவது சொல்லு" என்றார். என் வேலை, ஓசூரில் தொழிற்சாலைகளுக்குப் போய் அழுத்தம், வெப்பநிலை அளக்கும் கருவிகளைப் பொருத்துவதும் காலிப்ரேட் செய்வதும்தான். அதைப் பற்றிப் பேசினால், முதல் பீரியடில் தூங்கியதைவிட நன்றாக என் நண்பர்கள் இங்கே தூங்கிவிடுவார்கள். அதனால் அனுபவத்தைச் சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டு நவம்பரில், எனக்கு 28 வயதாக இருந்தபோது, இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். முழுப் பெயர் குரோனிக் மைலாய்டு லுக்கீமியா. சுருக்கமாக சி.எம்.எல். உடனே முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், மதியம் உங்களோடு பந்தியில் உட்காரவும் போகிறேன். இந்த நோயாளிக்குக் கையில் தருவதெல்லாம் மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள்தான். என்னிடம் ஒரு ஃபைல் நிறைய இருக்கிறது. அவற்றை எப்படிப் படிப்பது, நான் ஒன்றை எப்படித் தப்பாகப் படித்தேன், அதனால் என்ன ஆனது என்பதுதான் இன்றைய பேச்சு.

அதற்கு முன்னால் நம் மெஷர்மெண்ட்ஸ் லேபுக்கு ஒரு நிமிடம் போய் வருவோம்.

மூன்றாவது செமஸ்டர். என் டேபிளில் இருந்த வோல்ட்மீட்டரில் முள் அசையவே இல்லை. நான் ரெகார்டில் அழகாக "0" என்று எழுதி, "வோல்டேஜ் இல்லை" என்று கன்க்ளூஷனும் எழுதிவிட்டேன். லேப் சார் வந்தார். டேபிளுக்குப் பின்னால் கையை விட்டார். கழன்று தொங்கிய வயரை எடுத்துக் காட்டினார். "ஏண்டா, கனெக்ஷனே இல்லேன்னாலும் முள் சைபர்லதான் நிக்கும். வோல்டேஜ் இல்லேன்னு மீட்டர் சொல்லிச்சா, நீயா சொன்னியா?" என்றார். ரெகார்டில் சிவப்பு மையில், "முள் சைபரில் நின்றால் முதலில் மீட்டரைப் பார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாடம் மட்டும் மண்டையில் ஏறவில்லை. அது ஏற இன்னும் பதின்மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று.

இனி நோய்க் கதை. 2017இல் சில மாதங்களாகவே அசதி. கொஞ்சம் சாப்பிட்டாலே இடது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டியது மாதிரி கனம். அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். கம்பெனியில் வருடாந்தர ஹெல்த் செக்கப் வந்தது. இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருந்தால் சரி. எனக்கு 1,84,000. லேப்காரர் மெஷின் கோளாறு என்று நினைத்து இரண்டாவது தடவை இரத்தம் எடுத்தார். பாருங்கள், அவர் ஒழுங்காக முதலில் மீட்டரைப் பார்த்தார்! மெஷினில் கோளாறு இல்லை. இடது பக்கக் கனம், மண்ணீரல் வீங்கியதால் வந்தது.

அப்புறம் பெரிய மருத்துவமனை, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. சில வாரத்தில் முதல் மரபணு ரிப்போர்ட் வந்தது. அதில் ஒரு வரி: 46, எக்ஸ்ஒய், டி(9;22)(க்யூ34;க்யூ11.2)[20]. எந்தப் பாஸ்வேர்டும் இவ்வளவு கஷ்டமாக இருக்காது. நான் கடைசியில் இருந்த 20ஐப் பார்த்து, "இருபது சதவீதம்தான் நோய், பரவாயில்லை" என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

டாக்டரம்மா பொறுமையாகப் பிரித்துச் சொன்னார். 46 என்பது குரோமோசோம்களின் எண்ணிக்கை. எக்ஸ்ஒய் என்றால் ஆண். டி என்பது இடமாற்றம். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் நுனித் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருக்கின்றன. க்யூ என்பது குரோமோசோமின் நீளமான கை. அடுத்து வரும் எண், கையில் எந்த இடத்தில் முறிந்தது என்ற விலாசம். "அப்போ அந்த இருபது?" என்றேன். "இருபது செல்லைப் பார்த்தாங்க. இருபதுலயும் இது இருக்கு" என்றார். என் ஆறுதல் அன்றோடு போயிற்று.

அப்படித் துண்டு மாறிக் குட்டையாகிப் போன 22ஆம் குரோமோசோமுக்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர். 1960இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் அதை முதலில் கண்டார்கள். காணாமல்போன துண்டு எங்கே போனது என்பது 13 வருடம் தெரியவில்லை. 1973இல் சிகாகோவைச் சேர்ந்த ஜேனட் ரௌலி என்ற அம்மையார், குரோமோசோம் போட்டோக்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக அடுக்கிப் பார்த்து, அது 9ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். இந்த மாற்றத்தால் பி.சி.ஆர்., ஏ.பி.எல். என்ற இரண்டு மரபணுக்கள் ஒட்டி ஒரே மரபணுவாகிவிடுகின்றன. அது உண்டாக்கும் புரதம், ஆஃப் ஆகாத சுவிட்ச். "வளரு, வளரு" என்று செல்லுக்கு ஓயாமல் சிக்னல் கொடுத்துக்கொண்டே இருக்கும். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் என்ற மாத்திரை, அந்தச் சுவிட்சில் போய் உட்கார்ந்து அதை அடைத்துவிடுகிறது.

அந்த மாத்திரைக்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 'கிளீவெக்' என்ற பெயரில் அதை விற்ற நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அந்த வழக்கு 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அங்கேயும் காப்புரிமை இல்லை என்றே தீர்ப்பு. அந்த நாட்களில் கிளீவெக்குக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய்; நம் நாட்டுக் கம்பெனிகள் தயாரித்த அதே மருந்துக்கு மாதம் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். என் சம்பளத்தில் நான் உயிரோடு இருப்பதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

எங்கள் வீட்டில் ரிப்போர்ட்டில் இருந்த வேறு இரண்டு வார்த்தைகள்தான் புயலைக் கிளப்பின. முதலாவது, 'பாசிட்டிவ்'. "பிலடெல்பியா பாசிட்டிவ்" என்று போட்டிருந்ததும், ஏதோ கூடுதல் ஆபத்து என்று அப்பா நினைத்தார். உண்மையில் என் நோய்க்கு அந்தப் பாசிட்டிவ்தான் மருந்துக்கு வழி காட்டும் பலகை. அந்தச் சுவிட்ச் இருப்பதால்தான் அதை அடைக்கும் மாத்திரை வேலை செய்கிறது.

இரண்டாவது வார்த்தை, 'மரபணு'. அதில் 'மரபு' இருக்கிறது, பாருங்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். "எங்க வம்சத்துலயும் இல்லே, உங்க அப்பா வம்சத்துலயும் இல்லே. இது எங்கேருந்து வந்துது?" என்று அழுகை. தங்கைக்கு அப்போது வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். "அண்ணனுக்கு மரபணு வியாதின்னா யாருடா பொண்ணு எடுப்பா?" என்பதுதான் அம்மாவின் நிஜமான பயம். டாக்டரிடம் கேட்டேன். இது பிறவியில் வந்ததும் அல்ல, பெற்றோரிடமிருந்து வந்ததும் அல்ல. வளர்ந்த பிறகு மஜ்ஜையில் ஒரே ஒரு செல்லில் நேர்ந்த விபத்து. அதன் வாரிசுச் செல்கள் பெருகியதுதான் நோய். தங்கைக்கும் என் பிள்ளைகளுக்கும் அது கடந்து போகாது. அம்மாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆனாலும், "வெளியில யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். நானும் சரி என்றேன். அந்தச் 'சரி'யில் ஆரம்பித்ததுதான் பின்னால் வந்த வினை.

மாத்திரை தொடங்கிய பிறகு மஜ்ஜைக்குப் பதில் கை இரத்தமே போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பி.சி.ஆர். டெஸ்ட். அதன் விடை ஒரு சதவீதம். இங்கே இருக்கும் என்ஜினீயர்களுக்காக அதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

இரத்தத்தில் உள்ள செல்களிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, ஒட்டுப்போட்ட அந்த மரபணுவின் நகல்கள் எத்தனை என்று எண்ணுகிறார்கள். கூடவே, சாதாரண ஏ.பி.எல். மரபணுவின் நகல்களையும் எண்ணுகிறார்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். நம் பாஷையில், இரண்டாவது எண் ரெஃபரன்ஸ். ஆனால் ஒவ்வொரு லேபின் மீட்டரும் ஒவ்வொரு மாதிரி காட்டியது. அதனால் 2005இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் நிபுணர்கள் கூடி, எல்லோருக்கும் பொதுவான சர்வதேச அளவுகோல் ஒன்றுக்கு வழி வகுத்தார்கள். அதற்கான முதல் ரெஃபரன்ஸ் மாதிரிகளை 2009இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. ஒவ்வொரு லேபும் தன் ரீடிங்கைத் தனக்கான கன்வர்ஷன் ஃபேக்டரால் பெருக்கி அந்த அளவுகோலுக்குக் கொண்டுவர வேண்டும். காலிப்ரேஷன்தான், வேறொன்றும் இல்லை.

இதில் 100 சதவீதம் என்றால் உடம்பில் எல்லாச் செல்லும் கெட்டது என்று அர்த்தம் இல்லை. பழைய ஆராய்ச்சி ஒன்றில் புதிதாக நோய் கண்ட சிலரின் நடுத்தர அளவை 100 என்று வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து எத்தனை பத்து மடங்கு இறங்கினோம் என்பதுதான் கணக்கு. 10 சதவீதம் என்றால் ஒரு லாக் இறக்கம், 1 என்றால் இரண்டு, 0.1 என்றால் மூன்று. மூன்று லாக் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு, பவர் கணக்கில் 30 டெசிபல். மூன்றாம் மாதத்தில் 10க்குள், ஆறாம் மாதத்தில் 1க்குள், ஒரு வருடத்தில் 0.1க்குள் வந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். எனக்கு மூன்றாம் மாதம் 7.4, ஆறாம் மாதம் 0.62, ஒரு வருடத்தில் 0.09. டிஸ்டிங்ஷன் இல்லை, ஆனால் அரியர் இல்லாமல் பாஸ். இரண்டரை வருடத்தில் 0.011.

இப்போது 2020க்கு வருவோம். கொரோனா. மருத்துவமனை இருந்த ஊருக்குப் போய்வருவது கஷ்டம். நவம்பர் மாத டெஸ்டுக்கு ஓசூரிலேயே ஒரு கலெக்ஷன் சென்டரில் இரத்தம் கொடுத்தேன். நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறுநாள், 14ஆம் தேதி சனிக்கிழமை, தீபாவளி. பத்து நாள் கழித்து மொபைலில் ரிப்போர்ட் வந்தது. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில், 'நாட் டிடெக்டட்'. சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் சைபர்.

வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். அம்மா மாரியம்மன் கோவிலுக்கு ஓடினார். மூன்று வருடமாகத் தினம் 400 மில்லிகிராம். காலையில் கண் வீக்கம், ராத்திரியில் கெண்டைக்கால் இழுப்பு. "அப்பாடா, போச்சுடா" என்று நினைத்தேன். அதே நேரம் தங்கைக்கு வரன் முடிந்தது. தை மாதம் நிச்சயதார்த்தம், மாசியில் கல்யாணம். வீடு நிறைய உறவுக்காரர்கள். மாத்திரை டப்பாவை யார் பார்ப்பார்களோ என்று பயம். கல்யாணப் போட்டோவில் வீங்காத கண்ணோடு நிற்க வேண்டும் என்று ஒரு ஆசை. டிசம்பர் முதல் வாரத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் கேட்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. சைபர்தானே, இனி எதற்கு?

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆல்பத்தில் என் கண் நன்றாகவே இருக்கிறது.

2021 ஏப்ரலில் பழைய லேபிலேயே டெஸ்ட். விடை 1.9 சதவீதம். இரண்டு பூஜ்யம் காணாமல் போயிருந்தது. டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, "மாத்திரை விடாம சாப்பிடறீங்களா?" நான், "சாப்பிடறேன் டாக்டர்" என்றேன். பொய். அவர் கொஞ்ச நேரம் ரிப்போர்ட்டையே பார்த்தார். "சாப்பிட்டும் ஏறுதுன்னா மருந்துக்குப் பிடிபடாத மாதிரி அந்தப் புரதம் உருமாறியிருக்கலாம். மியூட்டேஷன் டெஸ்ட் அனுப்புவோம். மருந்தை மாத்த வேண்டியிருக்கும்" என்றார்.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. படித்துப் பார்த்தேன். டி315ஐ என்று ஒரு உருமாற்றம். சுவிட்சில் மாத்திரை உட்காரும் இடத்திலேயே 315ஆவது அமினோ அமிலம் மாறிவிடுகிறது. அது வந்தால் இமாட்டினிப் மட்டுமல்ல, அடுத்து வந்த தசாட்டினிப், நிலோட்டினிப் கூட வேலை செய்யாது. பொனாட்டினிப் மாதிரி வேறு மருந்துக்குத்தான் போக வேண்டும். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அழகாக எல்லாவற்றையும் அளந்து கொடுத்திருக்கிறார்கள். பொய்யான இன்புட் கொடுத்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பொய்யை நம்பி, எனக்கு வேலை செய்துகொண்டிருந்த ஒரு நல்ல மருந்தை அவர் மாற்றிவிடுவார்.

விடிந்ததும் போன் செய்து உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்த நவம்பர் ரிப்போர்ட்டோட இரண்டாவது பக்கத்தை எடுங்க" என்றார். நான் இரண்டாவது பக்கத்தைத் திறந்ததே இல்லை. அங்கே இரண்டு வரி இருந்தது. ஏ.பி.எல். நகல்கள்: 4,100. மாதிரியின் தரம் போதவில்லை, மறு மாதிரி அனுப்புவது நல்லது.

"ஆர்.என்.ஏ. பால் மாதிரி. நேரத்தோட போய்ச் சேரணும். தீபாவளி லீவுல உங்க இரத்தம் எத்தனை நாள் எங்கே கிடந்துதோ! ரெஃபரன்ஸ் நகலே குறைஞ்சது 10,000 வேணும். உங்களுக்கு 4,100தான் கிடைச்சிருக்கு. நீங்க என்ஜினீயர்தானே, கணக்குப் போடுங்க" என்றார்.

போட்டேன். 4,100 நகலில் கெட்ட நகல் ஒன்றே ஒன்று இருந்தாலும் அது சுமார் 0.024 சதவீதம். அதைவிடக் குறைவாக எது இருந்தாலும் அந்த மாதிரியில் தெரியாமலே போகலாம். அதற்கு முந்தைய டெஸ்டில் எனக்கு இருந்ததோ 0.011. அதாவது, நோய் அப்படியே இருந்த இடத்தில் இருந்திருக்கிறது. அதைப் பார்க்கும் சக்தி அன்றைய மீட்டருக்கு இல்லை. வயர் கழன்றிருந்த வோல்ட்மீட்டரைப் பார்த்து, இரண்டாவது தடவையும் நான் "வோல்டேஜ் இல்லை" என்று கன்க்ளூஷன் எழுதியிருந்தேன். இந்தத் தடவை ரெகார்டில் இல்லை, என் உடம்பில்.

"ரிப்போர்ட்டை நீங்களே படிச்சது தப்பில்லே. பாதி படிச்சதுதான் தப்பு" என்று சொல்லிப் போனை வைத்தார் டாக்டரம்மா.

அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கினேன். மியூட்டேஷன் டெஸ்ட் ரிப்போர்ட் வர 18 நாள் ஆனது. அந்த 18 நாளும் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். உருமாற்றம் எதுவும் இல்லை என்று வந்தது. மூன்று மாதத்தில் 0.21, ஆறு மாதத்தில் 0.06 என்று மறுபடி இறங்கியது. கடைசியாகப் பார்த்தது 0.004. என் அதிர்ஷ்டம் அது. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நினைத்து யாரும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தவே முடியாதா என்று கேட்பீர்கள். சிலருக்கு முடியும். அதற்கு முறை இருக்கிறது. இமாட்டினிப் குறைந்தது ஐந்து வருடமாவது சாப்பிட்டிருக்க வேண்டும். அளவு 0.01 சதவீதத்துக்கும் கீழே, நம்பத்தகுந்த டெஸ்டுகளில், குறைந்தது இரண்டு வருடம் ஆடாமல் நிற்க வேண்டும். மூன்று வருடம் என்றால் இன்னும் நல்லது. நிறுத்திய பிறகு முதல் ஆறு மாதம் மாதாமாதம் டெஸ்ட். இப்படி முறையாக நிறுத்துகிறவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். மாதாமாதம் பார்ப்பதால் உடனே பிடித்து மாத்திரையைத் தொடங்கி, அநேகமாக எல்லோரையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நான் நிறுத்தியபோது இதில் ஒரு நிபந்தனைகூட எனக்குப் பொருந்தவில்லை. இப்போது அதைப் பற்றி நானும் டாக்டரும் பேசுகிறோம். எதிரும் புதிருமாக உட்கார்ந்து, சேர்ந்து பேசுகிறோம்.

வீட்டிலும் ஒன்று நடந்தது. இனி மறைத்துப் பயனில்லை என்று, தங்கை கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி ஃபைலை அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதையா மச்சான் எங்ககிட்ட மறைச்சீங்க? எங்க சித்தப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கே பிரஷர் இருக்கு. நாங்க சொன்னோமா?" என்றார். அம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் டெஸ்ட் நாளில் என்னைக் காரில் கூட்டிப்போவது அவர்தான்.

இங்கே இருக்கும் யாருக்கும் இந்த நோய் வர வேண்டாம். ஆனால் இத்தனை குடும்பங்கள் கூடியிருக்கும் இடத்தில், ஏதாவது ஒரு வீட்டில் இப்படி ஒரு ரிப்போர்ட் வரலாம். "நீ என்ஜினீயர்தானே, இதைக் கொஞ்சம் பாரு" என்று உங்களிடம்தான் கொடுப்பார்கள். அதனால் ஐந்து கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: இரத்தம் எந்தத் தேதி எடுத்தது, லேபில் எந்தத் தேதி சேர்ந்தது? பண்டிகைக்கு முந்தின நாள் கொடுக்காதீர்கள்.

இரண்டு: நோயின் நகல் எந்த வகை? பெரும்பாலோருக்கு வரும் வகைகளைத்தான் வழக்கமான டெஸ்ட் தேடும். அபூர்வமான வகை இருப்பவருக்கு, நோய் இருக்கும்போதே அந்த டெஸ்ட் சைபர் காட்டும். நோய் கண்டுபிடித்த அன்றைய முதல் ரிப்போர்ட்டில் வகை எழுதியிருக்கும். அந்தக் காகிதத்தைப் பத்திரப்பதிவு மாதிரி பாதுகாக்க வேண்டும்.

மூன்று: சதவீதம் சர்வதேச அளவுகோலில் கொடுத்ததா, லேபின் சொந்த அளவா? இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

நான்கு: ரெஃபரன்ஸ் நகல் எத்தனை? 10,000க்குக் கீழே என்றால் 'நாட் டிடெக்டட்' என்ற வார்த்தைக்கு மதிப்புக் குறைவு. 32,000 இருந்தால் மீட்டர் இன்னும் நுட்பமானது.

ஐந்து: போன தடவை எவ்வளவு, அதற்கு முன் எவ்வளவு? அடிமட்டத்தில் இந்த ரீடிங் இரண்டு மூன்று மடங்கு தானாகவே ஆடும். 0.01 அடுத்த தடவை 0.02 ஆனதும் தலையில் கை வைக்க வேண்டாம், 0.02 பிறகு 0.01 ஆனால் துள்ளவும் வேண்டாம். ஒரே லேபில் கொடுத்து, கிராஃப் போட்டு, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நான் லாக் ஷீட்டில்தான் போடுகிறேன். காலேஜில் வாங்கிய ஷீட் இன்னும் மிச்சம் இருந்தது.

இன்னொரு எச்சரிக்கை. இரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை. அக்யூட் வகைகளில் தேடும் மரபணுக்களே வேறு, மருந்து வேறு, அவசரம் வேறு. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்று ஒன்று உண்டு. அதில் 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்கின்றன. அதற்கு வைட்டமின் ஏ வழிவந்த ஒரு மருந்தும் ஆர்செனிக்கும்தான் வைத்தியம். அங்கே ஒவ்வொரு நாளும் முக்கியம். ஆகவே என் எண்களை எடுத்துக்கொண்டு போய் இன்னொருவர் ரிப்போர்ட்டுக்கு உரை எழுதாதீர்கள். இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு அவருடைய டாக்டரிடம் போங்கள். ரிப்போர்ட்டைப் படிப்பது டாக்டரிடம் நல்ல கேள்வி கேட்பதற்குத்தான். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ அல்ல.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. லேபில் ரீடிங் வரவில்லை என்றால் சீனியரின் ரெகார்டைப் பார்த்து எழுதும் வழக்கம் இன்னும் இருக்கிறதா என்று தெரியாது. எங்கள் காலத்தில் இருந்தது, நானும் எழுதியிருக்கிறேன். உங்களில் சிலர் நாளைக்கு மருத்துவமனைக் கருவி செய்யும் கம்பெனியிலோ, இரத்தப் பரிசோதனைக் கூடத்திலோ வேலை பார்ப்பீர்கள். நீங்கள் எழுதும் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எங்கேயோ ஒரு வீட்டில் கோவிலுக்கு ஓடுவார்கள். இல்லையென்றால் ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள். 4,100 என்றால் 4,100 என்று எழுதுங்கள். அந்த லேபில் யாரோ ஒருவர் அன்றைக்கு அப்படித்தான் நேர்மையாக எழுதியிருந்தார். படிக்காமல் விட்டது நான்தான்.

எங்கள் லேப் சார் ஓய்வு பெற்றுவிட்டார். இன்று வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சார், 2007இல் என் ரெகார்டில் நீங்கள் போட்ட சிவப்பு மைக்கு இப்போதுதான் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து என் மருத்துவ ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன். ரெகார்டைக் கிழித்ததற்காக மார்க் குறைக்காதீர்கள்.